அடிச்சு நீந்துங்க, டீச்சர்!

எலும்பு முறிந்து எழுந்தவர்களிடம் ஊரே சொல்வது ஒன்றுதான்: ‘பாத்து.’ மாடிப்படியா, பாத்து. பஸ் ஏறுறியா, பாத்து. குளியலறைத் தரை ஈரமா இருக்கு, பாத்து. அன்பினால் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தால், தன்னால் இனி எதுவும் ஆகாது என்று உடம்பே தீர்மானம் செய்துவிடுகிறது. என் உடம்பும் அப்படித்தான் தீர்மானித்து வைத்திருந்தது. அந்தத் தீர்மானத்தை நீச்சல் மாற்றியது என்று சொன்னால் பாதி உண்மைதான். மாற்றியது நீச்சல் போட்டி. விசில், கடிகாரம், பக்கத்துத் தடத்தில் எனக்கு இணையாக வரும் இன்னொரு பெண்மணி, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு குளத்தின் விளிம்பில் நிற்கும் நடுவர், எல்லாம் சேர்ந்துதான் என்னை மறுபடி ஆளாக்கின. இதைக் காந்திகிராமத்திலிருந்து சின்னாளப்பட்டி வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

எனக்கு வயது 58. காந்திகிராமத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். திண்டுக்கல் மதுரை நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது என் ஸ்கூட்டரும் ஒரு லாரியும் சந்தித்துக்கொண்டன. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது, இடுப்பெலும்பில் விரிசல். தொடை எலும்புக்குள் நீளக் கம்பி ஒன்றைச் செலுத்தி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டினார்கள். புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று ஒரு சித்தப்பா, நாட்டுக்கோழி முட்டையும் உளுந்தும் கொடுங்கள் என்று ஒரு அத்தை, இந்த வயதில் இனி வீட்டோடு இருந்தால் போதும் என்று மீதிப்பேர். வாக்கர், பிறகு ஊன்றுகோல், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. இந்தக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லா நோயாளிகளின் கதையும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான்.

பிசியோதெரபி பார்த்த பெண்தான் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். “டீச்சர், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திண்டுக்கல் வறண்ட பூமி என்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்பது தேவையில்லாத கேள்வி. சிறுமலை அடிவாரத்திலிருந்து ஆத்தூர் வரை தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறுகள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா எங்களை அதில் தள்ளிவிடுவார். கோடை முழுக்கக் கிணற்றில்தான் கிடப்போம். பெரிய மனுஷி ஆனதும் எனக்கு அது நின்றுபோயிற்று. தம்பிகளுக்கு நிற்கவில்லை. எங்கள் தலைமுறைப் பெண்கள் பலருக்கு நீச்சல் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முடிந்துபோன ஒன்று. அது உடம்புக்குள் எங்கோ இருக்கிறது என்பதையே மறந்துவிட்டிருந்தோம்.

இப்போது அந்தக் கல்படிகளில் நான் இறங்க முடியாது. ஆகவே மதுரை ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்து நீச்சல் குளம். காந்திகிராமத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கைப்பிடி வைத்த ஏணி, தெளிந்த நீர், தரையில் கறுப்புக் கோடுகள். ஏணியில் இறங்கி மார்பளவு தண்ணீரில் நின்றேன். ஊன்றுகோல் இல்லை, சுவர் இல்லை, யாருடைய தோளும் இல்லை. நின்றேன்!

அதன் காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்தபின் வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. கழுத்துவரை இறங்கிவிட்டால் பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனுஷிக்குக் கால்மேல் வெறும் ஆறு கிலோ! மீதியைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அதைவிட அருமையான விஷயம் ஒன்று இருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறீர்களோ அதற்கேற்ப அது எதிர்க்கும். மெல்லத் தள்ளினால் மெல்ல எதிர்க்கும், ஓங்கித் தள்ளினால் ஓங்கி எதிர்க்கும். ஆனால் தரையைப் போலத் திடீரென்று இடிக்காது. ஓடும்போது ஒவ்வொரு அடியும் எலும்பில் போய் அறைகிறது. நீந்தும்போது அந்த அறை இல்லை.

இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். தொடைக்குள் கம்பி வைத்த ஒரு பெண் தரையில் ஓட்டப்பந்தயம் ஓட முடியாது, ஓடவும் கூடாது. அதே பெண் தண்ணீருக்குள் தன்னிடம் இருக்கும் கடைசிச் சொட்டு பலம்வரை செலவழிக்கலாம். மிச்சம் வைக்க வேண்டியதில்லை. அடிபட்டவர்களுக்கு ‘முழு மூச்சாக’ ஒன்றைச் செய்யும் உரிமை கிடைக்கிற இடம் இந்த உலகில் மிகச் சில. அதில் முதலிடம் நீச்சல் குளத்துக்குத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

அங்கே பயிற்சி கொடுத்த தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். சில வாரங்கள் நான் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் விளிம்பில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: “பாத்துப் பாத்து நீந்துறீங்க. இது உங்க வீட்டு மாடிப்படி இல்ல. அடிச்சு நீந்துங்க, டீச்சர்!” விபத்துக்குப் பிறகு என்னிடம் ஒருவர் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. அந்த மாலையே அவர் ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார்.

இப்படித் தொடங்குகிறவர்களுக்கென்றே உலகெங்கும் ஒரு போட்டி வகை இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. மாஸ்டர்ஸ் நீச்சல் என்று அதற்குப் பெயர். நம் பத்திரிகைகள் மூத்தோர் நீச்சல் என்று எழுதுகின்றன. 1970-ல் அமெரிக்காவின் டெக்சஸில் அமரில்லோ நகரில் அதன் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் ரேன்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர். போட்டி என்று ஒன்று கண்முன் இருந்தால் வளர்ந்தவர்கள் உடற்பயிற்சியை விடாமல் செய்வார்கள் என்பது அவர் கணக்கு. எவ்வளவு சரியான கணக்கு! 1986-ல் டோக்கியோவில் முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. இந்தியாவிலும் இந்திய நீச்சல் கூட்டமைப்பு தேசிய அளவில் இதை நடத்துகிறது. வயது 25 ஆகியிருந்தால் போதும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் பிரிவுகள்: 25 முதல் 29, 30 முதல் 34, இப்படியே நூறைத் தாண்டியும் போகின்றன. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. என் வயதுக்காரர்களோடுதான் நான் மோதுகிறேன். இருபது வயதுப் பிள்ளையோடு அல்ல.

விதிகளைப் படித்தபோது அவற்றை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். மேடை மேலிருந்து குதிக்க முடியவில்லையா, குளத்தின் விளிம்பிலிருந்து தொடங்கலாம். அதுவும் முடியவில்லையா, தண்ணீருக்குள்ளேயே நின்று சுவரை உதைத்துத் தொடங்கலாம். பட்டர்ஃபிளை நீந்தும்போது சேர்த்தடிக்கும் டால்ஃபின் உதை வராவிட்டால் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையைப் போடலாம். இவை யாரும் பரிதாபப்பட்டுக் கொடுத்த சலுகைகள் அல்ல, விதிப்புத்தகத்திலேயே இருப்பவை. நடுவர் அவற்றுக்காக ஒரு நொடியையும் கழிப்பதில்லை, கூட்டுவதில்லை.

இனி என் காதலுக்கு வருகிறேன். பேக்ஸ்ட்ரோக். கிணற்றில் நாங்கள் ‘மல்லாக்க நீச்சல்’ என்போம்.

என் இடுப்புக்குப் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஆகாது. தவளைபோல் காலை அகட்டிச் சுழற்றும் அந்த உதை, இடுப்பு மூட்டில் அடிபட்டவர்களைச் சிரமப்படுத்தும். மருத்துவர் அதை முதலிலேயே தள்ளிவைத்துவிட்டார். ஃப்ரீஸ்டைலில் மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் இடுப்பு கோணிற்று. மல்லாந்து படுத்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முதுகு நீளமாக, கழுத்து தளர்வாக, மூச்சு தாராளமாக. சின்னாளப்பட்டித் தறியில் நாடா போய்வருவதைப் போல ஒரு கை மேலே போக மறு கை கீழே வருகிறது. அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் காலின் குறை கணக்கிலேயே வராது. பேக்ஸ்ட்ரோக்கின் உந்துதல் பெரும்பாலும் கையிலிருந்தும், தோள்களோடு சேர்ந்து உருளும் உடம்பிலிருந்தும் கிடைக்கிறது. கால், உடம்பை நீரின் மேல்மட்டத்தில் நேராக வைத்திருந்தால் போதும். என் வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டை. நடக்கும்போது எதிரே வருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். நீந்தும்போது எனக்கே தெரிவதில்லை.

பேக்ஸ்ட்ரோக்கிடம் நான் ஒரேயடியாக விழுந்ததற்குக் காரணம் அதன் தொடக்கம். மற்ற எல்லா நீச்சலுக்கும் வீரர்கள் மேடையில் ஏறிப் பாய்வார்கள். பேக்ஸ்ட்ரோக்கில் உலக சாம்பியனே ஆனாலும் தண்ணீருக்குள் இறங்கித்தான் தொடங்க வேண்டும். நடுவரின் முதல் நீண்ட விசிலுக்கு எல்லோரும் நீரில் இறங்குகிறார்கள். இரண்டாவது விசிலுக்குச் சுவருக்கு வந்து கைப்பிடியைப் பற்றுகிறார்கள். ‘டேக் யுவர் மார்க்ஸ்’ என்ற குரலுக்கு உடம்பைச் சுருட்டிக்கொள்கிறார்கள். சமிக்ஞை வந்ததும் உதை. குதிக்க முடியாத நானும் ஒலிம்பிக்கில் நீந்துகிறவரும் ஒரே மாதிரி தொடங்குகிறோம். இதைவிட ஒரு மரியாதையை எந்த விளையாட்டு எனக்குக் கொடுக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. மதுரைக் குளம் திறந்தவெளி. மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு மேலே பார்த்துப் போக ஒரு கோடு கிடையாது, வானம் மட்டும்தான். மேகம் நகர்ந்தால் நாம் கோணலாகப் போகிறோமோ என்று மயக்கம் வரும். தடத்தைப் பிரிக்கும் கயிற்றில் தோள் உரசினால்தான் உண்மை தெரியும். சுவர் எப்போது வரும் என்பதை அறிய இரு முனைகளிலிருந்தும் ஐந்து மீட்டரில் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேல் கடந்ததிலிருந்து எத்தனை வீச்சில் சுவர் வரும் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கண்டுபிடித்து, அதை நம்பி, சுவரைப் பார்க்காமலே முழு வேகத்தில் கையை நீட்டித் தொட வேண்டும். பந்தயத்தை மல்லாந்தபடியேதான் முடிக்க வேண்டும், குப்புறத் திரும்பித் தொட்டால் தகுதி போய்விடும். எத்தனையோ மாதம் ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்து வைத்தவளுக்கு, பார்க்காமல் முழு வேகத்தில் போய்ச் சுவரை அடிக்கும் அந்தக் கடைசி ஐந்து மீட்டர் என்ன ஆனந்தம் தெரியுமா! தொட்டதும் கத்திவிடுவேன். இப்போதும் கத்துகிறேன்.

போட்டியை மருந்தாகக் கொடுத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். லுட்விக் குட்மன். முதுகுத்தண்டில் அடிபட்ட போர்வீரர்களை இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் பார்த்தவர். அந்நாளில் அப்படிப்பட்டவர்கள் படுக்கையிலேயே சில காலம் கிடந்து சாவார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். அவர் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி விளையாட வைத்தார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு அம்பெய்யும் போட்டி நடத்தினார். அதுதான் வளர்ந்து 1960-ல் ரோமில் முதல் பாராலிம்பிக் ஆயிற்று. நீச்சல் அதில் முதல் ஆண்டிலிருந்தே இருந்தது.

அந்த மேடையில் நம் நாட்டின் பெயரை முதலில் பொறித்தவர் முரளிகாந்த் பேட்கர். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக்காரர். ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்த குத்துச்சண்டை வீரர். 1965 போரில் உடம்பெங்கும் குண்டு துளைத்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மும்பையில் கடற்படையின் அஸ்வினி மருத்துவமனையில் அவரைச் சிகிச்சைக்காகத்தான் தண்ணீரில் இறக்கினார்கள். சிகிச்சையோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. 1968-ல் டெல் அவிவ் பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். அது உலக சாதனை. ஒலிம்பிக்கையும் பாராலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தால், தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா வென்றது அதற்கு 36 ஆண்டு கழித்து, 2008-ல்.

முப்பத்தேழு வினாடி! கால் அசையாமல், கையை மட்டும் கொண்டு! குளத்தில் ஒருமுறை அந்த நேரத்தை வைத்துப் பார்த்தேன். கால்களுக்கு நடுவே மிதவையை இடுக்கிக்கொண்டு, கையால் மட்டும், என்னால் ஆன மட்டும் நீந்தினேன். கடிகாரம் முப்பத்தேழைக் காட்டியபோது பாதிக் குளத்தைத்தான் தாண்டியிருந்தேன். அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மனிதரை நினைத்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு நாடு பத்மஸ்ரீ கொடுத்தது 2018-ல். 2024-ல் ‘சந்து சாம்பியன்’ என்ற இந்திப் படம் வந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருந்திருந்தால், எத்தனை பேர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஒரு குளத்தைக் கனவு கண்டிருப்பார்கள்!

பேட்கர் அப்போது இளைஞர், எனக்கு அது எப்படி ஒத்துவரும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மாதவி லதா. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் பிறந்து, சென்னையில் வங்கித்துறையில் வேலை பார்த்தவர். குழந்தையாக இருக்கும்போதே போலியோ. நடுவயதை நெருங்கும்போது முதுகெலும்பின் நிலை மோசமாகி, அதற்காகத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யத் தொடங்கினார். நாற்பது வயதை ஒட்டிப் போட்டிகளில் இறங்கி, 2011-ல் தேசிய பாரா நீச்சலில் தங்கம் வென்றார். தான் வென்றதோடு போய்விடாமல் தமிழ்நாட்டுக்குப் பாராலிம்பிக் நீச்சல் சங்கம் ஒன்றையும் உருவாக்கினார். சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கிப் போட்டியில் கரையேறிய பெண் ஒருவர் நம் சென்னையிலேயே இருக்கிறார் என்று தெரிந்த நாளில், என் சாக்குகள் எல்லாம் தீர்ந்துபோயின.

காந்திகிராமத்தில் இருந்துகொண்டு ‘வயதாகிவிட்டது, இனி புதிதாக என்ன’ என்று சொல்வது அந்த மண்ணுக்கும் பொருந்தாது. காந்திகிராமத்தை 1947-ல் தன் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து நிறுவிய டாக்டர் சௌந்தரம், இளம் வயதிலேயே முதல் கணவரை இழந்தவர். அதற்குப் பிறகுதான் தில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், வசதிக்குக் குறைவில்லாத வீடு, சும்மா இருந்திருக்கலாம். நான் தினமும் காலையில் நடக்கும் மரநிழல்களெல்லாம் அவர் இரண்டாவதாகத் தொடங்கிய வாழ்க்கையிலிருந்து வந்தவை. (நடையை ஏன் விடவில்லை என்றால், எலும்பு உறுதிக்குத் தரையில் எடை தாங்கி நடப்பதும் தேவை. நீச்சல் மட்டும் போதாது. இதையும் மறக்காதீர்கள்.)

உடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் நீச்சலைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். “அந்த டிரஸ்ஸ எப்படிக்கா போடுறது?” பெண்களின் போட்டி உடை தோளிலிருந்து முழங்கால்வரை இருக்கலாம் என்பது உலக விதி. முழங்கால்வரை மூடும் உடை கடையிலேயே கிடைக்கிறது, அதுவே எனக்கும். தொடையில் அறுவை சிகிச்சைத் தழும்பு நீளமாக இருக்கிறது, அதுவும் மூடிவிடுகிறது. குளத்துக்கு வரும் வழியெல்லாம் மேலே சுங்குடிச் சேலை, உள்ளே போனதும் நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் தலைகள் மட்டும்தான் தெரியும். அதில் யார் டீச்சர், யார் டாக்டர், யார் பலசரக்குக் கடைக்காரர் என்று ஒருவருக்கும் தெரியாது. பயிற்சிக்கு வரும் இன்னொரு அக்காவுக்கு 63 வயது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர். அவரும் நானும் முதலில் உடை மாற்றும் அறையில் பேசிப் பேசியே ஒருவரையொருவர் தைரியப்படுத்திக்கொண்டோம். இப்போது பேச நேரமில்லை, நேராகப் போய்த் தண்ணீரில் இறங்குகிறோம்.

மாநில அளவிலான ஒரு மூத்தோர் போட்டிக்குச் சென்னை வேளச்சேரிக்குப் போனோம். 1995-ல் தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய நீச்சல் வளாகம். அந்த ஐம்பது மீட்டர் குளத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அங்கே கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. ஊன்றுகோலைக் குளத்தின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு இறங்குகிற ஐயா, இதய அறுவை சிகிச்சைத் தழும்போடு மேடையில் ஏறுகிறவர், பேரப்பிள்ளைகள் கைதட்ட நிற்கும் பாட்டி. “உங்களுக்கு என்ன அடி?” என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் “தோள், நீங்க?” என்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அதே கேள்விகள். ஆனால் இங்கே பதில் சொல்லும்போது எல்லோருக்கும் சிரிப்பு. பதிலுக்கு அடுத்த கேள்வி “எந்த ஈவென்ட்?” என்பதாக இருக்கிறது.

என் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்குக்கு அழைத்தார்கள். இறங்கினேன், பிடித்தேன், சுருண்டேன், உதைத்தேன். வலது கால் அந்த உதையில் தன் பங்கைக் கொடுத்ததை நான் தெளிவாக உணர்ந்தேன். நடுக்குளத்தில் பக்கத்துத் தடத்துப் பெண்ணின் கை என் காதருகே தண்ணீரை அறையும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்ன செய்தது என்று எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. பயிற்சியில் ஒருநாளும் வராத ஒரு வேகம் தோளிலிருந்து வந்தது. தனியாக நீந்தினால் அது வரவே வராது. அடிபட்டவளாயிற்றே என்று அந்தப் பெண் எனக்காகக் கொஞ்சம்கூட மெதுவாகப் போகவில்லை, அதற்காக அவருக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன். கொடி கடந்தது, எண்ணினேன், தொட்டேன். ஒரு நிமிடம் 12 வினாடி. பதக்கம் இல்லை, அவர்தான் முன்னால். கயிற்றின் மேல் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அடுத்த தடவை என்னைப் பிடிச்சிருவீங்க” என்றார். பிடித்துவிடுவேன் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதன்பிறகு அந்த நேரத்தில் நான்கு வினாடியைக் குறைத்துவிட்டேன்.

இந்த மாஸ்டர்ஸ் உலகில் நடக்கும் இன்னொரு விந்தையைச் சொல்கிறேன். வயது ஏறுவதற்கு ஆசைப்படுவீர்கள். அறுபது ஆகும் ஆண்டில் நான் 60 முதல் 64 பிரிவுக்குப் போய்விடுவேன், அங்கே நான்தான் இளையவள்! அந்த ஆண்டுக்காக இப்போதிருந்தே திட்டம் போடுகிறேன். ஜப்பானில் மியெகோ நாகோகா என்றொரு அம்மையார் இருந்தார். எண்பதை ஒட்டிய வயதில், முழங்காலைச் சரிப்படுத்தத்தான் நீச்சலைத் தொடங்கியவர். 2015-ல், நூறு வயதில், மட்சுயாமா நகரில் 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயத்தை முடித்தார். அந்த வயதில் அந்தத் தூரத்தை முடித்த முதல் ஆள் அவர்தான். ஒரு மணி 15 நிமிடம் 54.39 வினாடி ஆனது. அதைவிட எனக்கு இனிப்பான செய்தி, அத்தனை தூரத்தையும் அவர் பேக்ஸ்ட்ரோக்கிலேயே நீந்தினார் என்பது. ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் எந்த நீச்சலையும் நீந்தலாம் என்பது விதி. மல்லாந்தபடி ஒன்றரைக் கிலோமீட்டர், நூறு வயதில்! அவர் தொடங்கிய வயதுக்கு எனக்கு இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் காரியப் பேச்சு. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் ‘நீந்தலாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘எந்த நீச்சல், எந்த உதை’ என்று கேளுங்கள். காயம் முழுக்க ஆறி மூடியிருக்க வேண்டும். கைப்பிடி ஏணியோ படியோ உள்ள குளமாகத் தேடுங்கள், ஈரத் தரையில் ரப்பர் செருப்பு. முதல் வாரங்களில் தண்ணீரில் நடந்தாலே போதும். பிறகு ஒரு பயிற்சியாளரிடம் போய், எனக்குப் போட்டியில் நீந்த வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வை அந்த நொடியே மாறும். அதுவரை உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர், அதன்பின் உங்கள் தோளின் சுழற்சியைப் பற்றிப் பேசுவார்.

இப்போது எனக்கு அவசரமாக ஆள் வேண்டும். மாஸ்டர்ஸில் ரிலே பந்தயங்களுக்கு நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிவு பார்ப்பார்கள்: 200 முதல் 239 ஒன்று, 240 முதல் 279 அடுத்தது. எனக்கு 58, அக்காவுக்கு 63, இரண்டும் சேர்த்து 121. இன்னும் அறுபதை ஒட்டிய இருவர் கிடைத்தால் 240-ஐத் தொட்டுவிடுவோம். 4x50 மெட்லே ரிலேயில் பேக்ஸ்ட்ரோக்தான் முதலில், அது எனக்கு. கடைசி ஃப்ரீஸ்டைல் அக்காவுக்கு. நடுவில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் பட்டர்ஃபிளையும் காலியாக இருக்கின்றன. ஆத்தூர், செம்பட்டி, கன்னிவாடி, நிலக்கோட்டைப் பக்கம் சின்ன வயதில் கிணற்றில் தவளை நீச்சல் அடித்த அக்காமார்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். பட்டர்ஃபிளைக்கு டால்ஃபின் உதை வேண்டாம், தவளை உதையே செல்லும். சனிக்கிழமை காலை சின்னாளப்பட்டியிலிருந்து மதுரைக்குக் காரில் கிளம்புகிறோம், பின்சீட்டில் இரண்டு இடம் இருக்கிறது.